உயர் இரத்த அழுத்தமும் இதயத் தடிப்பும்: இரத்தத்தில் காணப்படும் மரபணு சார்ந்த அடையாளங்கள்

உயர் இரத்த அழுத்தம் உள்ள ஒருவரிடம் "இதயம் பெரிதாகியுள்ளது" என்று மருத்துவர் கூறினால், பெரும்பாலும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பதையே அது குறிக்கும்.

சுவர் ஏன் தடிக்கிறது?

உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துவது இடது கீழறையாகும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் நீடிக்கும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வறை கூடுதல் விசையுடன் சுருங்க வேண்டியுள்ளது. இதனால் தசைச் செல்கள் பருக்கின்றன. அவற்றிற்கிடையே நார்த்திசுவும் சேர்கிறது. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். கவனியாது விட்டால் இதயச் செயலிழப்பு, சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கும்.

மரபணு சார்ந்த அடையாளங்கள் யாவை?

செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் நுண்ணிய மூலக்கூறுகள் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும். இவற்றைக் கண்டறிந்தமைக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோருக்கு 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவற்றுள் மிர்-1, மிர்-133 ஆகியவை இதயத்தசை பருப்பதுடனும், மிர்-21 நார்த்திசு பெருகுவதுடனும் தொடர்புடையவை. இரத்த மாதிரியிலும் இவற்றை அளவிட இயலும். இவை பரம்பரைக் குறைபாட்டைக் காட்டுபவை அல்ல. உடல்நிலைக்கேற்ப இவற்றின் அளவு கூடும், குறையும்.

இப்பரிசோதனையை இப்போது செய்துகொள்ள வேண்டுமா?

தேவையில்லை. இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இதன் முடிவைக் கொண்டு மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ இயலாது. எனவே இதற்கெனப் பணம் செலவிட வேண்டாம். இதயத் தடிப்பை அறிய இ.சி.ஜி., எக்கோ ஆகிய பரிசோதனைகளே பயன்படுகின்றன. இ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் தடிப்பு இருக்கக்கூடும். எக்கோ அதனைத் துல்லியமாகக் காட்டும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

• அழுத்தம் இயல்பாகிவிட்டது என்று கருதி மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அந்த இயல்பு நிலை மாத்திரையினால் கிடைத்ததாக இருக்கலாம்.
• மருத்துவர் கூறும் இடைவெளியில் இரத்த அழுத்தத்தை அளந்து, குறித்து வைக்க வேண்டும்.
• நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிகாதிருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.
• புகையிலையையும் மதுவையும் அறவே தவிர்க்க வேண்டும்.
• படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் ஆகியவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். நெஞ்சுவலி, திடீர் மயக்கம், கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இரத்த அழுத்தம் தொடர்ந்து கட்டுப்பாட்டில் இருந்தால், தடித்த சுவர் பலருக்குப் படிப்படியாகக் குறைகிறது. ஆகவே இதயம் பெரிதாகியுள்ளது என்பதை அறிந்து அஞ்ச வேண்டாம். சிகிச்சையை இடைவிடாது தொடருங்கள்.