மின் மோட்டார் பழுது: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

நம் நாட்டில் மின் இணைப்புப் பெற்ற பாசனப் பம்பு செட்டுகளின் எண்ணிக்கை இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது. நாடு நுகரும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேளாண்மைக்குச் செல்கிறது. 1969-இல் கிராம மின்மயக் கழகம் நிறுவப்பட்ட காலந்தொட்டு, புதிய இணைப்புகளின் எண்ணிக்கையே முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆனால், இணைத்த மோட்டார்களுள் எத்தனை பழுதின்றி இயங்குகின்றன என்ற கேள்வி அதே கவனத்தைப் பெற்றதில்லை. பயிர் கதிர்விடும் தருணத்தில் ஒரு மோட்டார் பத்து நாட்கள் நின்றுவிட்டால், அந்த இழப்பை எந்தப் பழுதுபார்ப்பும் ஈடுசெய்யாது.

மோட்டார் ஏன் எரிகிறது?

மோட்டார் எரிதல் என்பது பெரும்பாலும் கம்பிச்சுருளின் மின்காப்பு வெப்பத்தால் அழிவதையே குறிக்கும். இயல்பான வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்விற்கும் மின்காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியியலாளர் கையாளும் பொது விதி.

இவ்வெப்பம் தோன்றுவதற்குக் குறைந்த மின்னழுத்தம் முதற் காரணமாகும். மோட்டாரின் சுழல்விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட்டுக்குரிய மோட்டாருக்கு 332 வோல்ட் மட்டுமே கிடைத்தால், அதாவது 80 சதவிகிதம் மட்டுமே கிடைத்தால், அதனால் இயன்ற சுழல்விசை 64 சதவிகிதமாகக் குறைகிறது. பம்பு கேட்கும் சுமையோ அவ்வளவாகக் குறைவதில்லை. எனவே மோட்டார் ஏறத்தாழக் கால் பங்கு மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பியில் தோன்றும் வெப்பம் பாதிக்கு மேல் கூடுகிறது.

மும்முனைகளுள் ஒன்று அற்றுப்போதல் இரண்டாவது காரணம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அப்போது நின்றுவிடுவதில்லை; எஞ்சிய இரு முனைகளின் வழியே ஏறத்தாழ 1.73 மடங்கு மின்னோட்டத்தை இழுத்து ஓடுகிறது. வெப்பம் மும்மடங்காகிறது. இரு முனை மின்சாரமே உள்ள நேரத்தில் கெப்பாசிட்டரின் துணைகொண்டு மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கமும், ஃபியூஸ் போனால் அதனிடத்தில் தடித்த கம்பியைக் கட்டும் வழக்கமும் இவ்வகைச் சேதத்திற்கு வழிகோலுகின்றன.

சோதனை முறை

புதிதாகப் பொருத்திய மோட்டாரும் சில நாட்களில் எரிவதுண்டு. பழுதின் காரணத்தைக் கண்டறியாமல் பழுதான பொருளை மட்டும் மாற்றியதே இதற்குக் காரணம். எனவே சோதனை மின்வழங்கலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று முனைகளின் மின்னழுத்தமும் சமமாக உள்ளதா, ஸ்டார்ட்டரின் தொடுமுனைகள் கருகியுள்ளனவா, மிகைச்சுமை ரிலே மோட்டாரின் மின்னோட்டத்திற்கேற்ப அமைக்கப்பட்டுள்ளதா என்பவற்றை முதலில் காண வேண்டும். ரிலேயும் கெப்பாசிட்டரும் பழுதெனில் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றிய பின்னரே மோட்டாரைத் தொட வேண்டும். தண்டைக் கையால் சுழற்றினால் பேரிங்கின் நிலை தெரியும். 500 வோல்ட் மெக்கர் கருவியால், சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையேயுள்ள மின்காப்புத் தடையை அளக்க வேண்டும். அது ஒரு மெகோமுக்குக் குறைவாயின் மோட்டாரை இயக்கலாகாது. இந்நாளைய சர்வதேச நடைமுறை 5 மெகோம் இருத்தல் நலம் என்கிறது. ஆயினும் குறைந்த அளவீடு கண்டவுடன் மோட்டார் எரிந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறு. ஈரத்தாலும் அளவீடு குறையும். உலர்த்தி மறுபடியும் அளக்க வேண்டும்.

மெக்கர் எல்லாக் குறைகளையும் காட்டிவிடாது. ஒரே சுருளின் சுற்றுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டால், உடலுடனான மின்காப்பு நன்றாகவே தோன்றும். மூன்று சுருள்களின் தடையையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவதும், சுமையின்றி ஓட்டி மூன்று முனைகளின் மின்னோட்டத்தை ஒப்பிடுவதுமே இக்குறையை வெளிக்கொணரும்.

மறுசுற்றா, புதிய மோட்டாரா?

சுருள் எரிந்திருப்பின் காயில் கட்டி ஓட்டுவதே நம் நாட்டில் வழக்கம். நேர்த்தியாகச் செய்தால் மோட்டாரின் பயனுறுதிறன் பெரிதும் குறைவதில்லை. ஆனால் பழைய சுருளை நீக்க இரும்பகத்தை நெருப்பிலிட்டுச் சுடுவதும், கிடைத்த அளவுக் கம்பியைச் சுற்றுவதும் இழப்பைக் கூட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் திறன் சிறிது சிறிதாகத் தேய்கிறது.

ஒரு கணக்கை நோக்கலாம். 3.7 கிலோவாட், அதாவது 5 குதிரைத்திறன் ஆற்றலை வெளியிடும் மோட்டார் 82 சதவிகிதத் திறனுடன் இயங்கினால் 4.51 கிலோவாட் மின்சாரம் தேவை. 88 சதவிகிதத் திறனுடைய மோட்டாருக்கு 4.20 கிலோவாட் போதும். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடும் பம்பு செட்டில் மிச்சம் ஏறத்தாழ 460 யூனிட். 6,000 மணி நேரம் ஓடும் ஆலை மோட்டாரில் ஏறத்தாழ 1,850 யூனிட். மின்கட்டணம் செலுத்தும் ஆலைக்குப் புதிய மோட்டாரே ஆதாயம் என்பது இதிலிருந்து விளங்கும். ஐ.எஸ். 12615 என்ற இந்தியத் தர நிர்ணயம் இத்தகைய மோட்டார்களை வகைப்படுத்துகிறது.

சுமை யாருடையது?

உழவரின் நிலை வேறு. பல மாநிலங்களில் அவருக்கு மின்சாரம் இலவசம் அல்லது குதிரைத்திறன் அடிப்படையில் ஒரே கட்டணம். மிச்சமாகும் யூனிட்டின் பயன் அவரைச் சேர்வதில்லை. எரிந்த மோட்டாரின் செலவோ முழுவதும் அவருடையது. எனவே அவர் திறன்மிக்க மோட்டாரைக் காட்டிலும் தாழ்ந்த மின்னழுத்தத்தையும் தாங்கும் மோட்டாரையே நாடுகிறார். இதை அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. அவர் நிலையில் அது சரியான கணக்கே.

ஆயினும் அனைவரும் அவ்வாறே செய்யும்போது மின்பாதையின் சுமை கூடுகிறது, கடைக்கோடியில் மின்னழுத்தம் மேலும் தாழ்கிறது, மேலும் மோட்டார்கள் எரிகின்றன, மின்மாற்றியும் எரிகிறது. ஒருவர் மட்டும் உயர்தர மோட்டாரை வாங்கினால் இச்சுழல் அறுவதில்லை. அவருடைய புதிய மோட்டாரும் அதே தாழ்ந்த மின்னழுத்தத்தில் எரியக்கூடும்.

கூட்டு முயற்சி

எனவே மாற்றீடு தனி மோட்டாரை அன்றி, ஒரு மின்மாற்றியை அல்லது ஒரு மின்பாதையை அலகாகக் கொள்ள வேண்டும். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைந்த எரிசக்தித் திறன் அமைப்பு, மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்தில் மங்கள்வேடா பகுதியில் இந்நெறியை மேற்கொண்டது. தேர்ந்தெடுத்த மின்பாதைகளில் 2,200-க்கு மேற்பட்ட பம்பு செட்டுகள் மாற்றப்பட்டன. குஜராத்தில் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம், பாசன மின்பாதைகளைக் குடியிருப்பு மின்பாதைகளினின்றும் பிரித்து, பாசனத்திற்கு நேரம் குறித்து மும்முனை மின்சாரம் வழங்க வழிசெய்தது.

இவற்றோடு ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் முனை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலே, தக்க அளவுக் கெப்பாசிட்டர், ஊர்தோறும் மெக்கர் கருவியைக் கையாளப் பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகிய மூன்றும் சேர்தல் வேண்டும். இவற்றின் செலவு மோட்டார் விலையில் சிறு பகுதியே. பழைய மோட்டாரை அகற்றும்போது அது மீண்டும் காயில் கட்டப்பட்டு வேறொரு கிணற்றுக்குச் செல்லாதவாறு பார்த்துக்கொள்வதும் திட்டத்தின் ஒரு கூறாக இருத்தல் வேண்டும். இன்றேல் சுமை இடம் மாறுமேயன்றிக் குறையாது. இணைப்புகளை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு மின்பாதையிலும் எரிந்த மோட்டார்களையும் ஆண்டுதோறும் எண்ணத் தொடங்கினால், எங்கு முதலில் செயற்பட வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையே காட்டும்.