ஒரு சுற்றும் இரு பெருவலுச் சாதனங்களும்

எமது இல்லங்கள் பெறும் மின்னழுத்தம் 230 உவோற்று ஆகும். சாதனத்தின் வலுவை இதனால் வகுப்பின் ஓட்டம் பெறப்படும். 2200 உவாற்று மின்கேத்தல் ஏறத்தாழ 9.6 அம்பியரையும், 1200 உவாற்று மின்னடுப்பு 5.2 அம்பியரையும் எடுக்கும். இரண்டையும் 13 அம்பியர் நீட்டிப்பு வடமொன்றில் ஒருங்கே இணைப்பின் ஓட்டம் 14.8 அம்பியராகும். இச்சிறு மிகைக்கு உருகி உடனே உருகுவதில்லை. வடமோ தொடர்ந்து சூடேறும். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதசமமாதலின், ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும். காவலுறை இளகித் தீப்பற்றவுங்கூடும். உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைப் பொருத்துவோர் எஞ்சிய காப்பையும் இழக்கின்றனர். ஆகவே, இத்தகைய சாதனங்களை நாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துதலே தக்கது. ஒருங்கே தேவைப்படின், தனித்தனிச் சுற்றுகளில் இணைத்தல் வேண்டும்.