செத்ததைத் தின்பது யார்?

பள்ளிப் பாடநூலின் உணவுச் சங்கிலிப் படத்தை நினைத்துப் பாருங்கள். புல், மான், புலி. அத்தோடு படம் முடிந்துபோகும். சரி, புலி செத்தா அதை யாரு திங்கிறது? அந்தப் படத்தில் இதற்குப் பதிலில்லை. ஒன்றை உச்சியில் ஏற்றி மற்றதையெல்லாம் அதன் கீழே அடுக்கும் இந்தப் பார்வை நம் சமூகத்திலிருந்துதான் இயற்கையின் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. உயிர்ச்சூழல் ஏணி அல்ல, வட்டம். செத்ததைத் தின்பவைதான் அந்த வட்டத்தை மூடுகின்றன.

இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள், ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று என்ற அளவுக்கு அழிந்தன. காரணத்தைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளியிட்டது. மாட்டுக்கு வலி போகப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி! மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிகிறது. சில நாளில் சாவு. டி.டி.டி. போல் படிப்படியாகச் சேர்ந்து கொல்லும் நஞ்சல்ல இது. ஒருவேளைச் சாப்பாடே போதும். ஒரு மாட்டைப் பல கழுகுகள் கூடித் தின்னும். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். எனவே செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவு சாத்தியம்.

சங்கிலி அங்கே அறுந்துவிடவில்லை, நம்மிடம் வந்து சேர்ந்தது. கழுகுகள் கூட்டமாக வந்து விரைவில் தின்று முடித்ததை நாய்களால் முடிக்க முடியவில்லை. நாய்கள் பெருகின, அழுகல் நீர்நிலைகளில் கலந்தது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஐந்து லட்சம் மனிதச் சாவுகள் நேர்ந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது.

இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. கழுகு இல்லாதபோது செத்த மாடு யார் தலையில் விழும்? குஜராத்தின் ஊனாவில் 2016இல், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைப் பசுக் காவலர்கள் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் தலித் மக்கள் பல இடங்களில் செத்த மாட்டைத் தூக்க மறுத்தார்கள்; அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கழுகு இயல்பாகச் செய்வதை மனிதர்மேல் பிறப்பின் பேரால் சுமத்தியது சாதி. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் 'அசுத்தம்' என்று இரண்டையும் கணக்கிலிருந்து விலக்கியது ஒரே மனம்தான். அந்த மனத்தோடு சுற்றுச்சூழல் சுகாதாரம் பேசுவது வெறும் பேச்சு.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவது 2006இல் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015இல் குப்பியின் அளவைக் குறைத்தார்கள். கழுகைக் கொல்லும் வேறு இரண்டு மருந்துகளை, கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக், தடைசெய்ய 2023 ஆயிற்று. கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மிஞ்சிய கழுகுகளின் முக்கியப் புகலிடம் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அதைக் காப்பது காட்டுக்குள் மட்டும் நடக்கிற காரியமில்லை. உங்க ஊரு மாட்டுக்கு என்ன ஊசி போடுறாங்கன்னு போய்க் கேளுங்க. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.