குமிழிக் கார்கள்

இரண்டாம் உலகப் பெரும்போர் 1945இல் ஓய்ந்தபோது ஐரோப்பிய நகரங்கள் பல இடிபாடுகளாய்க் கிடந்தன. தொழிலாளியிடம் இருந்தது சைக்கிள். சற்று வசதி கூடியவனிடம் மோட்டார் சைக்கிள். மழையிலும் பனியிலும் மனைவியையும் பிள்ளையையும் அதில் ஏற்றிச் செல்வது எங்ஙனம்? காரின் விலையோ அவன் கைக்கு எட்டாதது. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்பவே குமிழிக் கார் பிறந்தது.

இத்தாலியிலே குளிர்சாதனப் பெட்டிகளும் ஸ்கூட்டர்களும் செய்துவந்த ஈசோ நிறுவனம், 1953இல் இசெட்டா என்னும் வண்டியை வெளியிட்டது. முட்டையை ஒத்த அதன் உடலுக்குப் பக்கக் கதவுகள் இல்லை. முன்முகம் முழுவதுமே கதவு. அதைத் திறந்தால் சுக்கானும் உடன் விலகி வழிவிடும். நீளம் ஏறக்குறைய 2.3 மீற்றர் மட்டுமே. ஆதலால் வண்டியை நடைபாதைக்கு நேர்முகமாக நிறுத்தி, நேரே நடைபாதையில் இறங்கிவிடலாம். பின்சில்லுகள் இரண்டும் மிக நெருங்கி அமைந்தன. வளைவில் வெளிச்சில்லு உட்சில்லினும் கூடிய தூரம் ஓடவேண்டும். சாதாரணக் கார்களில் அதற்கெனத் தனிப் பற்சக்கர அமைப்பு உண்டு. சில்லுகள் நெருங்கியிருந்தமையால் இசெட்டாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை; செலவும் பாரமும் குறைந்தன.

ஜேர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அப்போது விலையுயர்ந்த பெருங்கார்களைச் செய்து, விற்பனை போதாமல் தள்ளாடியது. அது இசெட்டாவின் உரிமையைப் பெற்று, தனது மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பொருத்தி, 1955இல் விற்கத் தொடங்கியது. பன்னிரண்டு குதிரைவலு, மணிக்கு 85 கிலோமீற்றர் வேகம். 1962 வரை 1,60,000க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. பெரியவற்றால் நலிந்த நிறுவனத்துக்குச் சிறியதே ஊன்றுகோலாயிற்று.

மெசர்ஸ்மிட் நிறுவனத்தின் கதை வேறு. தோல்வியுற்ற ஜேர்மனியில் விமானம் செய்வது 1955 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. ஊனமுற்றோருக்காகச் சிறு வண்டிகள் அமைத்துவந்த பிரிட்ஸ் பெண்ட் என்னும் பொறியியலாளர் அந்நிறுவனத்தை நாட, 1953இல் மூன்று சில்லு வண்டியொன்று தோன்றியது. ஓட்டுபவர் முன்னும் துணைவர் பின்னுமாக அமர, ஒளி ஊடுருவும் கூரை மேலே கவிந்திருக்கும். 1955இல் வந்த கே.ஆர். 200 வண்டியிலோ இயந்திரத்தை நிறுத்தி எதிர்த்திசையில் சுழலவிட்டே பின்னோக்கிச் செல்லவேண்டும். அதனால் முன்னே செல்ல நான்கு கியர்கள் இருந்ததுபோல் பின்னே செல்லவும் நான்கு இருந்தன!

1956இல் சுயெஸ் நெருக்கடி மூண்டு பெற்றோல் அரிதாகவே, சிக்கனமான இவ்வண்டிகளுக்குக் கிராக்கி பெருகியது. பிரித்தானியாவில் பின்னோக்கிச் செல்லும் கியரற்ற மூன்று சில்லு வண்டியை மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்துடனே அக்காலத்தில் ஓட்ட முடிந்தது. 1957 முதல் பிரைட்டன் நகரின் பழைய ரயில் தொழிற்சாலையில் இசெட்டா செய்யப்பட்டது.

ஆயினும் இவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1957இல் புதிய பியட் 500உம் 1959இல் மினியும் வந்தன. மினியில் நால்வர் அமரலாம். மக்களின் வருவாயும் உயர்ந்தது. அறுபதுகளின் நடுவே குமிழிகள் சந்தையிலிருந்து மறைந்தன.

எனினும் 1964இல் இசெட்டா ஒன்று அரியதொரு பணி செய்தது. பேர்லின் நகரை மதில் பிரித்திருந்த காலம் அது. மேற்குப் பேர்லின் இளைஞர் ஒருவர் தமது வண்டியில் இயந்திரத்தின் அருகே ஓர் ஒளிவிடம் அமைத்தார். அதிலே கிழக்கிலிருந்த நண்பர் எல்லையைக் கடந்தார். இத்துணைச் சிறு வண்டிக்குள் ஓர் ஆள் மறைந்திருப்பான் எனக் காவலர் கருதவில்லை.

இன்று இவை அரும்பொருட்சாலைகளிலும் ஆர்வலர் கைகளிலும் பேணப்படுகின்றன. இசெட்டாவின் வடிவைத் தழுவி, முன்கதவுடன் மைக்ரோலினோ என்னும் மின்சார வண்டி 2022இல் இத்தாலியின் தூரின் நகரில் உற்பத்திக்கு வந்தது. நெருங்கிய நகரத் தெருவில் ஒருவர் இருவர் சென்றுவர எவ்வளவு பெரிய வண்டி வேண்டும் என்று, எழுபது ஆண்டுகளுக்கு முன் வறுமை கேட்ட கேள்வியை இன்று இடநெருக்கடி கேட்கிறது.