தம்புராவுக்கு ஒரு டிக்கெட்

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர், தியாகராயநகர் சபாக்களுக்குப் போகிறோம். மேடையில் சந்தனமும் ஜவ்வாதுமாக வித்வான்கள் வந்து அமர்ந்த பிறகுதான் அவர்களைப் பார்க்கிறோம். அந்தக் கோஷ்டி வெளியூர் புறப்படும்போது யார் யார் போவது, எதை யார் தூக்குவது என்பது தனிக் கணக்கு. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கிளம்புகிற மாதிரிதான்!

பிடில் பெட்டி மடியில் அடங்கிவிடும். மிருதங்கத்தோடு கொஞ்சம் ரவையும் போக வேண்டும். அதைத் தண்ணீரில் குழைத்துத் தொப்பிப் பக்கத்தில் ஒட்டினால்தான் நாதம் பேசும். (உப்புமாவுக்கென்று நினைத்துவிடாதீர்கள்.) கடத்தின் சுருதி பெரும்பாலும் சூளையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பாடுகிறவர் மாறினால் பானையும் மாற வேண்டும். தஞ்சாவூர்த் தம்புராவோ கைக்குழந்தை. குடத்தில் ஒரு கீறல் விழுந்தால் போச்சு!

பெண்கள் கச்சேரிக்குப் போவதென்றால் அந்நாளில் இன்னொரு கணக்கும் உண்டு. குடும்பமே கோஷ்டியாகிவிடும். டி. கே. பட்டம்மாளுடன் தம்பி ஜெயராமன் சேர்ந்து பாடினார். பாலசரஸ்வதியின் நாட்டியத்துக்குத் தாயார் ஜெயம்மாள் பாட்டு, தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கம், விசுவநாதன் புல்லாங்குழல். 1966 அக்டோபர் 23-ஆம் தேதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினாரே, அப்போது கூடப் பாடியவர் மகள் ராதா. பிரயாண ஏற்பாட்டுக்குக் கணவர் சதாசிவம் இருக்கக் கவலை ஏது? வி. வி. சுப்பிரமணியம் பிடில், டி. கே. மூர்த்தி மிருதங்கம், விநாயக்ராம் கடம். மண்பானை ஒன்று பத்திரமாக நியூயார்க் போய்ச் சேர்ந்தது!

பெண்களுக்கு அதில் பாதுகாப்பு இருந்தது, வாஸ்தவம். ஆனால் துணைக்கு வரத் தம்பியோ கணவரோ வாய்க்காத எத்தனை நல்ல குரல்கள் உள்ளூர்ச் சபாவோடு நின்றுபோயினவோ!

இன்று காலம் மாறிவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. நம் பாடகிகள் பக்கவாத்தியக்காரர்களுடன் சர்வ சகஜமாக விமானம் ஏறிப் போய்வருகிறார்கள். விநாயக்ராமிடம் பயின்ற சுகன்யா ராம்கோபால், பெண்களையே சேர்த்து 'ஸ்திரீ தாள் தரங்' என்று ஒரு வாத்தியக் கோஷ்டியே அமைத்துவிட்டார்.

கோஷ்டியில் குறைந்துபோன ஆள் ஒருவர் உண்டு: தம்புரா போடுகிறவர். மின்தம்புரா என்ற சின்னப் பெட்டி வந்தது. இப்போது கைத்தொலைபேசியே சுருதி போடுகிறது. கச்சேரி நடத்துகிறவர்களுக்கு ஒரு டிக்கெட்டும் ஓர் அறையும் மிச்சம். ஆனால் முன்பெல்லாம் அந்த இடத்தில் அமர்ந்தது பெரும்பாலும் சிஷ்யை அல்லது மகள். குருவின் பின்னால் அமர்ந்து ஊர் ஊராய்க் கேட்டதே அவளுக்குப் பாதிப் பாடம். ஒரே ராகம் இந்த ஊரில் எப்படி விரிந்தது, அந்த ஊரில் ஏன் சுருங்கியது என்பதை வீட்டில் உட்கார்ந்து கற்க முடியுமா?

டிசம்பர் சீசனில் இன்றும் பல பாடகிகள் சிஷ்யைகளைத் தம்புராவுடன் பின்னால் அமர்த்திக்கொள்கிறார்கள். பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. மயிலாப்பூருக்கு ஆட்டோவில் வந்துவிடலாம். கிளீவ்லாந்துக்கு அந்தப் பெண்ணின் டிக்கெட்டை யார் வாங்குவது?