வீடியோ காலில் முகம் ஏன் கட்டம் கட்டமா உடையுது?

கணியம்பாடியில் நின்று, வேலூர் - திருவண்ணாமலை சாலையில் போகும் பஸ்ஸை வீடியோ காலில் காட்டுகிறீர்கள். 720பி தரம், நொடிக்கு 30 படங்கள். சுருக்காமல் அப்படியே அனுப்பினால் நொடிக்குச் சுமார் 83 எம்பி. அன்றைய 1.5 ஜிபி டேட்டா 18 நொடியில் காலி!

இதைத் தடுப்பதில் முக்கியப் பங்கு 'பிளாக் மேட்சிங்' முறைக்கு. அடுத்தடுத்த படங்களில் பஸ் மட்டும்தான் நகரும். மரமும் கடையும் அதே இடத்தில்தான் இருக்கும். அதனால் படத்தை 16×16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று அக்கம்பக்கத்தில் தேடுவார்கள். வித்தியாசம் குறைவான இடம்தான் ஜோடி. 'இந்தக் கட்டம் 5 புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது' என்ற தகவலும், மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசமும் மட்டும் அனுப்பினால் போதும்.

தேடுவதுதான் பெரிய வேலை. நாலாபக்கமும் 7 புள்ளி வரை அலசினால், ஒரு கட்டத்துக்கே 225 ஒப்பீடுகள். 1981-ல் ஜே.ஆர்.ஜெயின், ஏ.கே.ஜெயின் இருவரும் இதைக் குறைக்கும் வழியை வெளியிட்டார்கள். அதே ஆண்டு வந்த 'மூன்று படித் தேடல்' 25 ஒப்பீடுகளில் வேலையை முடித்தது.

சரி, முகம் ஏன் உடையுது? சிக்னல் குறைந்து, வழியில் தகவல் தொலைந்தால், போன் தப்பான பழைய கட்டங்கள் மேலேயே புது நகர்வை ஒட்டும். அடுத்த முழுப் படம் வந்தால் சரியாகிவிடும். போனில் கோளாறு இல்லை.

சிக்னல் மந்தமா? போனை ஆட்டாமல் எதிலாவது சாய்த்து வைத்துப் பேசுங்கள். அனுப்ப வேண்டிய மாற்றங்கள் குறையும்.