அரம் படாத அரிசாக்கா

ஜப்பான் தரைப்படை 1939-இல் ஏற்றுக்கொண்ட 99-ஆம் ரக அரிசாக்கா துப்பாக்கியின் தொடக்க காலப் பிரதிகளில் சிக்கனத்தின் சாயலே கிடையாது. 7.7 மி.மீ. குழலின் உட்புறம் முழுக்க குரோமியம் பூச்சு. ஈரமான காட்டிலும் சட்டென்று துருப்பிடிக்காது. படுத்துச் சுட மடக்குக் கம்பிக் கால், மண் புகாமலிருக்க நகரும் தகட்டு மூடி. பறக்கும் விமானத்தைக் குறிபார்ப்பதற்கென்றே பின்குறியில் இரண்டு மடக்குக் கைகள். ஒரு காலாள் தன் துப்பாக்கியால் விமானத்தை வீழ்த்துவான் என்று நம்பிய காலம் அது. நெற்றியில் பேரரசரின் 16 இதழ் சாமந்தி முத்திரை.

1945-இல் வெளிவந்த துப்பாக்கியும் அதே 99-ஆம் ரகம்தான். ஆனால் கம்பிக் கால், விமானக் குறி, தகட்டு மூடி, குரோமியம் என எதுவும் அதில் இல்லை. தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் பின்குறி போய், அசையாத ஒரு துளை வந்துவிட்டது. அடிக்கட்டையின் முனையில் இரும்புத் தகடு இருந்த இடத்தில் ஒரு மரத்துண்டை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். முட்டை வடிவில் கைக்கு இதமாக இருந்த போல்ட் பிடி, வெறும் உருளையாகிவிட்டது. உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்பும் பாதுகாப்புக் குமிழில் வெல்டிங் தழும்பு அப்படியே தெரிகிறது. கடைசல் இயந்திரம் ஓடிய தடங்களை அரம் போட்டு மழிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

காரணம் கடலில் இருந்தது. அமெரிக்க நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்க மூழ்கடிக்க மூலப்பொருள் வரத்து வற்றியது. 1944-இலிருந்து பி-29 விமானங்கள் தொழிற்சாலைகளின் தலைக்கு மேலேயே வந்தன. தேர்ந்த கைகள் போர்முனைக்குப் போக, பள்ளி மாணவர்களும் மாணவிகளும் ஆயுதப் பட்டறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நகோயா, கொக்குரா அரசுப் பட்டறைகளோடு தனியார் ஆலைகளும் இந்த ரகத்தைச் செய்தன. அவற்றுள் ஒன்று ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ. இன்றைக்கு மாஸ்டா கார் நிறுவனம்.

இந்தக் கடைசிக்காலத் துப்பாக்கிகளைக் குப்பை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கழற்றியவை எல்லாம் வசதிகள். தோட்டா வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்கும் பூட்டமைப்பில் அவர்கள் கைவைக்கவில்லை. முன்புறம் இரண்டு கனத்த காதுகளோடு எஃகுக் கூட்டில் பூட்டிக்கொள்ளும் அதே போல்ட்தான் கடைசிவரை வந்தது. அரிசாக்கா வகையின் வலு, போருக்குப் பின் அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பி.ஓ. ஆக்லி செய்த சோதனைகளில் நன்றாகவே வெளிப்பட்டது. சுடுகிறவனின் கன்னம் உரசி நிற்கும் பாகம் இந்தப் பூட்டமைப்பு. அதில் கைவைக்காதது, நெருக்கடியிலும் எதை விடக்கூடாது என்று தெரிந்த பொறியாளர்களின் முடிவு. அந்த ராணுவம் செய்த கொடுமைகளை மறக்காமலே இதைச் சொல்கிறேன்.

ஆனால் எல்லாத் துப்பாக்கிக்கும் இது பொருந்தாது. கடற்படைக்கென்று வார்ப்பிரும்புக் கூட்டோடு ஒரு தனி வகை செய்தார்கள். அதில் போல்ட் குழலோடு நேரடியாகப் பூட்டிக்கொள்வதால்தான் தாக்குப்பிடித்தது. பள்ளிகளில் அணிவகுப்புப் பயிற்சிக்குச் செய்த வார்ப்பிரும்புத் துப்பாக்கிகளில் அந்த ஏற்பாடும் கிடையாது. அவை வெற்றுத் தோட்டாவுக்கு மட்டுமானவை. குழலில் வரிப்பள்ளமும் இருக்காது. போர் நினைவுப் பொருளாக இவையும் அமெரிக்க வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வெளிப்பார்வைக்கு அசலும் பயிற்சித் துப்பாக்கியும் ஒன்றுபோலவே இருப்பதால், விவரமறிந்தவர் குழலுக்குள் பார்த்துச் சொல்லும்வரை அவற்றில் நிஜத் தோட்டாவைப் போடவே கூடாது.